சகதிக்குள்ள கிடந்த லேபிள்

சிவகாசிக்காரவுகளுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கையில கொடுத்தாலும் முதல்ல லேபிளைத்தான் பார்ப்பாக. உள்ள சரக்கு இருக்கா இல்லையாங்கிறதெல்லாம் அப்புறம். எனக்கு அது ஆகாது. நான் விருதுநகர்ல பழைய பாட்டில் வாங்கி விக்கிறவ. லேபிளை ஊறப்போட்டு உரிச்சு எறியிறதுதான் என் கோடவுன்ல முதல் வேலை.

வயசைக் கண்ணாடிதான் சொல்லும். பாட்டிலோட ரெண்டு பக்கமும் மேல ஏறுற அச்சு வரம்பை விரலால தடவிப் பார்க்கணும். அது கழுத்தோட நின்னு, வாய் மட்டும் தனியா ஒட்டுன மாதிரி இருந்தா பழைய கைவேலை. வாய் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தா மெஷின்ல வந்தது. தண்ணிக்குள்ள ரொம்ப காலம் கிடந்த பாட்டிலைக் கண்டுபிடிக்கிறது இன்னும் லேசு. கண்ணாடி மங்கிப்போய், வெயில்ல திருப்புனா ரோட்டுல ஆயில் சிந்துன மாதிரி கலர் கலரா மினுங்கும். நகத்தால சுரண்டுனா செதில் செதிலா வரும். எம்புட்டுத் தேய்ச்சாலும் போகாது. சினிமாவுக்குப் பழைய சாமான் எடுக்குறவுகளும், பணம் இருக்கிற வீட்டுல அலமாரிக்கு அழகு தேடுறவுகளும் இதுக்காகத்தான் என்னைத் தேடி வாராக.

போன ஆடியில சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம் தாண்டி ஒரு பட்டாசு முதலாளி எனக்குக் கார் அனுப்பினாரு. அவர் கம்பெனிக்குப் பின்னால ஒரு ஊரணி. அக்கரையில காலனி. காலனிப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் அந்தக் கம்பெனியிலதான் வெடிக்கு மருந்து அடைக்கிறாக. சாயங்காலம் வேலை விட்டா வீட்டுக்குப் போகமாட்டாக, நேரா ஊரணிக்குத்தான். கையி, கழுத்து, தலைமுடி எல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியா அப்பியிருக்கும். அதோட அடுப்புக்கிட்டப் போக முடியுமா? பிள்ளையைத்தான் தூக்க முடியுமா?

முதலாளிக்கு அந்த ஊரணியை வேலி போட்டு அடைக்கணும். அவர் தாத்தா அந்தக் காலத்துல அங்கன சோடாக் கம்பெனி வச்சிருந்தாராம், அதுக்காக வெட்டுன ஊரணியாம். பத்திரம் உண்டான்னா கிடையாது. வேலி போட்டு, நடுவுல தாத்தாவுக்குச் சிலை வச்சு, சுத்திப் பூச்செடி வைக்கப்போறாராம். த்தூ! பேரனோட பவிசு!

தண்ணி குறைஞ்ச நேரத்துல தூர் வாருனாக. சகதிக்குள்ள இருந்து பாட்டிலா வந்துச்சு. முதலாளிக்குத் தலைகால் புரியல. உடனே ஊர்க்கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்தாரு. காலனி வாரதுக்கு முந்தியே போட்ட பாட்டில் சகதியில இருந்தா ஊரணி அவருக்கு, இல்லைன்னா வேலிப் பேச்சையே விட்டுறணும். பாட்டிலுக்கு வயசு சொல்லத்தான் நான். காலனிக்காரவுக இதுக்கு ஏன் தலையாட்டுனாகன்னு கேக்காதீக. சம்பளம் போடுறவரு கேட்டா வேற என்ன செய்வாக?

நான் போய் இறங்குனப்போ கரையில பிளாஸ்டிக் சேர் போட்டு ஊர்ப் பெரிய மனுசங்க உக்காந்திருந்தாக. அம்புட்டுப் பேரும் லேபிள் அச்சடிக்கிற பிரஸ்காரங்க. காலனிப் பொம்பளைக வேலை விட்ட கோலத்துல, கழுவக்கூட விடாம, ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாக.

"வாங்கக்கா, இளநி சாப்பிடுறீகளா?"ன்னாரு முதலாளி.

"பாட்டிலைக் காட்டுங்க அண்ணாச்சி."

கூடை கூடையாக் கொட்டுனாக. கழுவிக் கழுவிப் பார்த்தேன். பிராந்திப் பாட்டிலு, இருமல் மருந்துப் பாட்டிலு, பூராம் மெஷின் சரக்கு, அதுவும் இப்பத்திய அச்சு. "காலனி வந்ததுக்கு அப்புறம் போட்டதுதான் அம்புட்டும். பாதி உங்க ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பறந்து வந்த மாதிரியில்ல இருக்கு"ன்னேன். காலனிப் பக்கம் யாரோ களுக்குன்னு சிரிச்சாக.

உடனே கம்பெனி மேனேஜர் காருக்கு ஓடிப்போய் ஒரு பட்டுத் துணி மூட்டையைக் கொண்டாந்து பிரிச்சான். உள்ள ஒரு கோலி சோடா பாட்டிலு. அதுல லேபிளு. லேபிள்ல மீசை வச்ச தாத்தா.

பெரிய மனுசங்க சேரை விட்டு எந்திரிச்சுட்டாக.

"கல் அச்சுய்யா இது! இந்தச் செவப்பு இப்ப எந்த மெஷின்ல வரும்?"

"பேப்பர் கனத்தைப் பாருங்க. அந்தக் காலத்துப் பேப்பர்!"

ஒருத்தரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு லேபிளை மோந்தே பார்த்துட்டாரு. முதலாளி கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல. காலம் பூராம் பேப்பரும் மையுமாப் புழங்குற மனுசங்க, ஒருத்தனுக்காவது உறைக்கணுமே!

"இது எங்கன கிடைச்சுது?"

"நடு ஊரணியில, இடுப்பளவு சகதிக்குள்ளக்கா. தாத்தா காலத்துல இருந்து அங்கனதான் கிடந்திருக்கு"ன்னான் மேனேஜர்.

நான் பாட்டிலை வாங்கிக்கிட்டு விறுவிறுன்னு படியில இறங்கி, தண்ணிக்குள்ள முக்கிப் பிடிச்சேன். கொஞ்ச நேரத்துல லேபிள் ஊறி, ஓரம் சுருண்டு, கழண்டு வந்துருச்சு. தாத்தா மல்லாக்க மிதந்தாரு.

"பார்த்தீகளா? அம்புட்டுக் காலம் சகதியில தாங்குன பேப்பரு, நான் ஒரு முக்கு முக்குனதுக்குத் தாங்கல."

பாட்டிலைத் தூக்கிக் குலுக்கிக் காட்டுனேன். உள்ள கோலி ஜம்முன்னு உருண்டுச்சு. ஒரு பொட்டுச் சகதி கிடையாது. கண்ணாடியில மங்கலும் இல்ல, செதிலும் இல்ல. "நேத்து ஏதோ சோடாக் கடையில தூக்குனது. அவன் தேடிக்கிட்டு இருப்பான், திருப்பிக் கொடுத்துருங்க"ன்னேன். லேபிளை மோந்து பார்த்தவரு செல்போனை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டாரு. மணியே அடிக்கல.

முதலாளி மூஞ்சி கருத்துப்போச்சு. மானம் போனா மனுசன் அடங்கணும். இவரு காலனிப் பக்கம் திரும்பினாரு.

"சரி, ஊரணி உங்களுக்கே. நீங்களே வச்சுக்கிடுங்க. நாளைக்கு இருந்து ஒருத்தியும் கம்பெனி வாசல்ல நிக்கக் கூடாது."

பொம்பளைக அப்படியே உறைஞ்சு நின்னாக. பேசிட்டு நான் கார் ஏறிருவேன். இவுக எங்க போவாக?

அப்ப ஒரு அம்மா, நடுவயசு இருக்கும், கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தாக. படியில இறங்கி, முழங்கால் தண்ணியில நின்னு, ரெண்டு கையையும் தேய்க்க ஆரம்பிச்சாக. தண்ணி வெள்ளியா மின்னிச்சு.

"ஏய், பேசிக்கிட்டு இருக்கேன்ல?"ன்னு முதலாளி கத்தினாரு.

அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கல. தேய்ச்சுக்கிட்டே சொன்னாக: "இன்னைக்கு ஒட்டுனதைக் கழுவிக்கிடுறோம் மொதலாளி. நாளைக்கு இருந்து வேலை இல்லன்னா எங்களுக்கு ஊரணி எதுக்கு? கழுவுறதுக்குத்தான் என்ன இருக்கு?"

மத்த பொம்பளைகளும் ஒவ்வொருத்தரா இறங்குனாக. கழுத்தைக் கழுவுறாக, முடியை அவுத்து உதறுறாக. ஒருத்தி முகத்துலயும் பயம் இல்ல.

மேனேஜர்தான் முதலாளி பக்கத்துல போய், காதுக்குள்ள மெதுவாச் சொன்னான்.

"அண்ணாச்சி, தீபாவளி ஆர்டரு."