நட்சத்திரத்தின் மேல் ஒரு மாலை

எனக்கு வயது அறுபத்தேழு. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அவர்கள் தலையெடுத்த பிறகு எலி வளர்க்கிறேன். எலிகள் எதிர்த்துப் பேசுவதில்லை.

ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி. எலி அறைக்குள் போக வேண்டுமென்றால் குளித்து, துணி மாற்றி, தலைக்கும் வாய்க்கும் உறை போட வேண்டும். எங்கள் வீட்டுச் சாமி அறைக்கே என் மருமகள் அப்படிப் போனதில்லை. எல்லாம் வெள்ளை எலி, எல்லாம் பெண். சிலதுக்குச் சினைப்பையை எடுத்துவிடுவார்கள். தூரம் நின்றுபோன பொம்பளைக்கு மறதி நோய் ஏன் வருகிறது என்று பார்க்கிறார்களாம். எடுத்ததில் பாதிக்கு ஹார்மோன் ஊசி, மீதிக்கு வெறும் நல்லெண்ணெய் ஊசி. எடுக்காத எலிகளைத் தினமும் காலையில் சோதித்து, எதுக்கு எந்த நாள் என்று எழுதுவார்கள். என் மாமியார்கூட என்னை இப்படிக் கணக்குப் பார்த்ததில்லை. எனக்கு நின்றபோது உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எலியாகப் பிறந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

மறதியைச் சோதிக்க ஒரு அறை, சுவரில் நட்சத்திரம், வட்டம், முக்கோணம் என்று காகிதம் வெட்டி ஒட்டியது. நடுவில் ஒரு பெரிய வட்டத் தொட்டி. பால்பவுடர் கரைத்த தண்ணீர். அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. நேற்றுக் கண்டுபிடித்த மேடையை எலி இன்றைக்கும் ஞாபகமாக நீந்திப்போய்ப் பிடிக்க வேண்டும். நான் கூண்டைத் தூக்கிவந்து எலியைத் தண்ணீரில் விடுவேன். பெங்களூரிலிருந்து வரும் மேடம் பக்கத்து அறையில் டிவியில் பார்ப்பார். டிவியில் தொட்டி மட்டும்தான் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. மானேஜர் மதுரைப் பக்கத்துக்காரர், பூஜையில் குறை வைக்க மாட்டார். ஏசி மிஷினுக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம், தொட்டிக்கு மூன்று பட்டை விபூதி. தளியிலிருந்து வந்த சாமந்தி மாலைகளைச் சுவரைச் சுற்றித் தொங்கவிட்டார். வாசலில் பூசணிக்காய் உடைத்தார். எல்லோருக்கும் பொரி, கடலை.

"மாலையை எப்போங்க எடுக்கறது?" என்று கேட்டேன்.

"பூஜை மாலையை யாராவது கையை வச்சு எடுப்பாகளா பாட்டிம்மா? வாடட்டும்."

விஜயதசமி முடிந்து மறுநாள் சோதனை. ஒரு எலிக்கும் வழி தெரியவில்லை. சினைப்பை உள்ளது, இல்லாதது, ஊசி போட்டது, எண்ணெய் போட்டது, எல்லாம் ஒரே மாதிரி சுற்றிச் சுற்றி நீந்தின. சாயந்தரம் வாடிய மாலைகளை எடுத்துக் குப்பையில் போட்டு, தரையைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மேடம் வந்து அறையைப் பார்த்தார். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. "ஏனாயித்து அஜ்ஜி?" என்றார். என்ன ஆச்சு என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

மானேஜர் முந்திக்கொண்டார். "வயசானவுங்க மேடம். கூண்டை மாத்தி வச்சிருப்பாக. மறதி. அடுத்த மாசத்திலேர்ந்து வேற ஆளைப் போட்டுக்கலாம்."

"வீட்டில் சும்மா இரும்மா" என்று என் மகன் சொல்லாத நாள் இல்லை. மறதி என்று பேர் வாங்கி வேலை போனால், அப்புறம் அவன் வீட்டில் நான் என்ன சொன்னாலும் மறதியில் சொல்வதாகத்தான் ஆகும்.

"நான் ஒண்ணும் மாத்தலீங்க. பூஜையிலேர்ந்து நடந்ததைச் சொல்றேன், எங்க விட்டேன்னு நீங்களே பாருங்க" என்றேன். நிதானமாகச் சொன்னேன். சந்தனம், குங்குமம், விபூதி, பொரி. "அப்புறம் இவர் சுவத்துக் காகிதத்து மேலயெல்லாம் மாலை போட்டாருங்க. நட்சத்திரத்து மேல ஒண்ணு, வட்டத்து மேல ஒண்ணு, முக்கோணத்து மேல ரெண்டு."

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்தக் காகிதங்களைப் பார்த்துத்தான் எலி வழி கண்டுபிடிக்குமாம். அதுவரை அலங்காரத்துக்கு ஒட்டியதென்றே நான் நினைத்திருந்தேன். மானேஜரும்தான்.

"காகிதத்து மேல நான் எங்கே போட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லையே!" என்றார் மானேஜர்.

கம்பெனி வாட்ஸப்பில் அவரே போட்ட படத்தை மேடம் திறந்தார். கையில் கற்பூரத் தட்டோடு மானேஜர் சிரிக்கிறார். பின்னால் சாமந்திக்கு அடியில் நட்சத்திரத்தின் ஒரே ஒரு முனை.

"சார், உங்களையும் ஒரு தடவை தொட்டியில விட்டுப் பாக்கலாமா?" என்றார் மேடம்.

என் வேலை தப்பியது. எலிகளுக்குத்தான் ஒன்றும் மாறவில்லை. சோதனை முடிந்தால் மூளையை எடுத்துப் பார்ப்பார்கள். மறந்ததுக்கும் மறக்காததுக்கும் அங்கே ஒரே முடிவு.

மானேஜர் இன்னமும் போகிறவர் வருகிறவரிடம், பாட்டிம்மாதான் ஏதோ மாற்றிவைத்தது என்கிறாராம். அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்லி, என் பேத்தியை எழுத வைத்தேன். எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து.

எங்கே கண்ணு, முதலிலிருந்து படி. நீ எதையாவது விட்டிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.