அப்பா போட்ட கிரில்

கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டில் அப்பா உள்ளிருந்து பூட்டிய கிரில்லைத் தீயணைப்புக்காரர் அறுக்கிறார். சுட்ட இரும்பின் வாடை மூக்கில் ஏறுகிறது. உள்ளே அப்பா விழுந்து கிடக்கிறார். கூப்பிட்டால் முனகல் மட்டும் கேட்கிறது.

என் ஏழு வயதிலும் வீடெங்கும் இதே வாடை. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பத்துமலை போய்த் திரும்பினால், திருடர்கள் பின்கதவை உடைத்து அம்மாவின் நகையைத் தூக்கிப் போயிருந்தார்கள். மறுவாரமே அப்பா ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் கிரில் போட்டார். பற்றவைத்த கம்பி ஆறியதும் என்னைத் தூக்கி அதில் தொங்கவிட்டு, "நல்லா ஆடும்மா" என்றார். ஆடினேன். கம்பி அசையவே இல்லை.

"இனிமே ஒருத்தனும் உள்ள வர முடியாது லா," என்று அம்மாவிடம் சிரித்தார்.

"அப்பா, வந்துட்டேம்பா!" என்று கத்துகிறேன். முனகல் நின்றுவிட்டது. தீயணைப்புக்காரர் இன்னும் முதல் கம்பியையே அறுத்துக்கொண்டிருக்கிறார்.