மெயின் ஜெட்

நாகையா அண்ணன் எந்தப் பாகத்தையும் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மோட்டார் பட்டறையில் வண்டி பழுது பார்க்கும் பிட்டர் அவர். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறேன்: கையை நீட்டி, மோவாயால் சுட்டுவார். அவசரமென்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைச் 'சட்டி' என்பார். அதில் மிதக்கும் பித்தளைக் குண்டை 'முட்டை' என்பார். அவர் தொட்ட வண்டி வழியில் நின்றதாக யாரும் சொன்னதில்லை.

1932. ரப்பர் விலை விழுந்து கிடந்தது. ஆள் குறைக்கப் பட்டறைத் துரை ஒரு பரீட்சை வைத்தார். கார்புரேட்டர் பாகங்களை இங்கிலீஷில் சரியாகச் சொல்பவருக்குத் தலைமை பிட்டர் வேலை; மற்றவர்களுக்கு, ஊருக்கே திருப்பி அனுப்பும் நாகப்பட்டினம் கப்பல். வண்டியை ரிப்பேர் செய்து காட்டும்படி யாரையும் கேட்கவில்லை.

நான் எங்கள் குடும்பத்தின் முதல் பி.ஏ.; சரித்திரம்; வேலையில்லை. மோட்டார் மூடியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இங்கிலீஷ் தெரியும் என்பதால் அண்ணனுக்கு வாத்தியாரானேன். விலைப்பட்டியல் படத்தைப் பார்த்து ப்ளோட் சேம்பர், நீடில் வால்வ், மெயின் ஜெட், சோக், திராட்டில் என்று சொல்லிக் கொடுத்தேன். காசு வேண்டாமென்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். அவர் வாய்ப்பாடு போல ராகம் போட்டுப் படித்தார். ஒரே வாரத்தில் எல்லாம் மனப்பாடம்; நடுவில் கேட்டால் மட்டும் முதலிலிருந்து வரவேண்டும்.

பரீட்சையன்று மொழிபெயர்க்க நானும் போனேன். துரை பென்சிலால் நடுவில் ஒன்றைத் தொட்டார். அண்ணன் கண்ணை மூடி, உதடு அசைய, முதல் பெயரிலிருந்து கிளம்பினார். இரண்டு பெயர் தாண்டியிருந்தால் அதற்கு வந்திருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மெயின் ஜெட், சார்."

துரை அடுத்ததைத் தொட்டார். அதையும் சொன்னேன். அண்ணனுக்கு உதவினேனா, பட்டத்தைக் காட்டிக்கொண்டேனா? பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். துரைக்கு அந்தச் சந்தேகம் எழவில்லை. என் கையைக் குலுக்கி, தலைமை பிட்டர் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார். மறுநாள் அவர் வண்டியே கிளம்பவில்லை. நான் எல்லாப் பாகங்களின் பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

அண்ணனை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனேன். அவருக்கு என்மேல் கோபமில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ காசு வாங்கலல்ல தம்பி, அதான் பத்துமலை முருகன்கிட்ட உனக்காக வேண்டிக்கிட்டேன். உனக்கு ஒரு வேலை கெடச்சா பால்குடம் எடுக்கிறேன்னு," என்றார். "எனக்கு வேண்டிக்கத்தான் மறந்துட்டேன் லா."

தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. கப்பல் அன்று மாலையே புறப்பட்டது. அவர் திரும்பி வரவில்லை. முருகனுக்கு அவர் சொல்லிவிட்டுப் போன பால்குடம் இன்னும் பாக்கி.