துரையின் சூப்பில் கலந்த கஞ்சி

வெள்ளிக்கிழமை காலையானால் எங்கள் துரை ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசில் ஏறி நிற்பார். நம் ஊரில் மனுஷனைத் தராசில் ஏற்றுவது துலாபாரத்துக்குத்தான். எடைக்கு எடை வெல்லமோ வாழைப்பழமோ சாமிக்குப் போகும். ஆள் கனமாக இருந்தால் குடும்பத்துக்கே பெருமை. இங்கே, மலாயாவில் லகாட் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஆள் குறையவில்லையே என்று முகம் சிவக்கிறார்கள். நான் அவருடைய பங்களாச் சமையல்காரன். சிவந்த முகம் யார் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும்.

இருதயம் பலவீனம், இளைத்தே ஆகவேண்டும் என்று ஈப்போ டாக்டர் சொல்லியிருந்தார். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, மாவு, சீனி எல்லாவற்றையும் நிறுத்தினால் போதும், இறைச்சியும் வெண்ணெயும் வயிறாரத் தின்னலாம் என்பது அவர் கட்சி. துரைசானி ஒத்துக்கொள்ளவில்லை. சீமைச் சண்டைக்குப் பிறகு வந்த ஏதோ புத்தகத்தை வைத்துக்கொண்டு, எதைத் தின்றாலும் அதில் கலோரி என்று ஒன்று இருக்கிறது, மொத்தத்தில் அது குறைந்தால்தான் உடம்பு குறையும் என்பார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கரண்டியால் அளக்கச் சொன்னால் சந்தேகம் வராதா? டாக்டர் பேச்சிலும் எனக்குச் சந்தேகம்தான். சோறு ஆளைப் பெருக்க வைக்கும் என்றால், கூலி லயத்தில் மலை மாதிரி சோறு தின்கிற நம் ஜனங்கள் ஏன் ஈர்க்குச்சியாக இருக்கிறார்கள்?

மூன்று வெள்ளிக்கிழமை போயும் துரை ஒரு ராத்தல்கூட இறங்கவில்லை. துரைசானிக்குக் கிளப்பில் அவர் குடிக்கும் விஸ்கி மேல் சந்தேகம். துரைக்கு என் மேல். "நாசி அடா?" என்று மலாயில் மிரட்டினார், சோறு கலக்கிறாயா என்று. "தாடா, துவான்," இல்லை ஐயா என்றேன். மனசறிந்து பொய் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் இறங்காவிட்டால் நீ பெட்டி கட்டு என்று தோட்டத்துத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். தஞ்சாவூர்ப் பக்கம் என் வீட்டு அடுப்பு இந்த அடுப்பை நம்பித்தான் எரிகிறது. பயந்துபோய் அன்றைக்கே துணிகளைத் தகரப்பெட்டியில் அடுக்கினேன். அடுக்கும்போதே, போனால்தான் என்ன, ஆறு வருஷமாகப் பார்க்காத மகளையாவது பார்க்கலாமே என்றும் தோன்றியது.

பால்மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் பாலுக்குப் பட்டையைக் கீறுகிற கறுப்பாயி, நான் எனக்கு வடிக்கும் சோற்றுக் கஞ்சிக்காகத் தினமும் பின்வாசலுக்கு வருவாள்.

"மூணு வாரமா கஞ்சியே இல்லையே அண்ணே, யாருக்கு ஊத்துறீங்க?"

"துரை சூப்புக்கு. மாவு போடக் கூடாதுன்னுட்டாங்க. தண்ணியா இருக்குன்னு மங்குக் கோப்பையத் தள்ளி வைக்கிறாரு. கஞ்சி ஊத்துனா ரெண்டு மங்கு குடிக்கிறாருலா."

"எம்புள்ள காய்ச்சல்ல எலும்பா கெடந்தவன், இந்தக் கஞ்சியிலதான் தேறுனான். துரைக்கு மட்டும் ஒடம்பு வைக்காதா?"

"அது தண்ணிதானே?"

"தண்ணின்னா பைப்புல புடிச்சு ஊத்துங்க."

"அப்ப நீங்க தின்னுற சோத்துக்கு ஏன் ஒடம்பு வைக்கல?"

"என்கூட ஒரு நாள் மரம் வெட்ட வாங்க, அப்பறம் கேளுங்க."

வடித்து இறக்கிய பிறகு சோறு வேறு, கஞ்சி வேறு என்றே பிறந்ததிலிருந்து நினைத்தவன் நான். மறுநாள் கஞ்சி இல்லாத சூப்பை வைத்தேன். துரை நாலு கரண்டியோடு எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை இரண்டு ராத்தல் இறங்கியிருந்தார். சோற்றை நிறுத்திய பலன் என்றார் டாக்டர். அளந்து போட்ட பலன் என்றார் துரைசானி. நான் சூப்புச் சட்டியைக் கழுவப் போனேன். கஞ்சி போனதால் இளைத்தாரா, ருசி போய்ச் சாப்பாடே குறைந்ததால் இளைத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் தீரவில்லை.

"நீ இங்கேயே இரு," என்றார் துரை. பிழைத்தேன் என்று ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். சட்டைகளைக் கொடியில் போட்டேன். அடியில் மகளுக்கு ஈப்போவில் வாங்கிய பாவாடைத் துணி கிடந்தது. பிள்ளை எவ்வளவு உயரம் என்று கடைக்காரர் கேட்டபோது, கையை என் இடுப்பளவுக்கு வைத்துக் காட்டியிருந்தேன். அது நான் கப்பல் ஏறிய அன்று அவள் இருந்த உயரம்.