மிளகாய் எடுத்த சப்மரின்

புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைந்துபோன பிள்ளைக்கு யாராவது பரிசு கொடுப்பார்களா? என் மாமா கொடுத்தார். கொழும்புக்கு வேன் பிடித்துப் போய் சப்மரின் வாங்கித் தருவதாகச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாயில் எச்சில்தான் வந்தது.

சப்மரின் இப்போது கல்முனையில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது கொழும்புச் சாமான். முழங்கை நீளப் பணிஸ் ஒன்றைப் பிளந்து, கோழி இறைச்சி, சொசேஜ், சீஸ், வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் அடுக்கி, மயோனைஸ் வழிய வழியத் தருவார்கள். மாமா ஒரு தடவை பாதியைக் கடதாசியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில் நசுங்கி, நனைந்து, புளித்து வந்த அந்தப் பாதியில் எனக்கு ஒரு வாய் கிடைத்தது. அந்த ஒரு வாயை நான் ஒரு வருசம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் பயணம் எனக்காக இல்லை. உம்மாவின் தங்கைக்கு, எங்கள் சாச்சிக்கு, மாப்பிள்ளை பேசி வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் முதலில் பெண்ணுக்கு வீடு கட்டுவார்கள், பிறகுதான் மாப்பிள்ளை. சாச்சியின் வீடு எங்கள் வளவுக்குள்ளேயே கட்டி முடிந்து, பூட்டிக் கிடந்தது. பொடியன் சம்மாந்துறை, எங்களுக்குப் பக்கத்து ஊர். கொழும்பில் ஒரு பெரிய சப்மரின் கடையில் கெஷியர் என்று தரகர் சொல்லியிருந்தார். வாக்குக் கொடுக்குமுன் பொடியனுக்குத் தெரியாமல் போய் ஆளைப் பார்த்துவர வேண்டும். வெறுமனே போய் முறைத்துக்கொண்டு உட்கார முடியுமா? சப்மரினுக்கு ஆலாய்ப் பறக்கும் ஒரு பிள்ளையைக் கூட்டிப்போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தப் பிள்ளை நான்.

மாமா போட்ட திட்டத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. விடிய சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட வேண்டும். மகியங்கனையில் தேத்தண்ணி மட்டும். கண்டியில் ஒருவரும் இறங்கக்கூடாது. உம்மா கட்டிய சோற்றுப் பார்சலை யாரும் அவிழ்க்கக்கூடாது, வயிற்றில் இடம் இருக்க வேண்டும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடைக்குள் போய், பணிஸ் அடுக்குகிற கண்ணாடிக்கு நேரே உள்ள மேசையில் இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரேயடியாகச் சொல்லாமல், ஒன்றைத் தின்று முடித்த பிறகே அடுத்ததைச் சொல்ல வேண்டும். இவ்வளவு யோசித்துத் தின்னத் தெரிந்த மாமா கிடைத்ததற்கு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

"மகள், ஆரும் ஊரக் கேட்டா கண்டி எண்டு சொல்லு. கல்முனை எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாத" என்றார் மாமா.

"ஏன் மாமா?"

"தூரத்துல இருந்து வந்த ஆக்கள் எண்டு தெரிஞ்சா பழைய பணிஸ்ஸத் தள்ளி விட்டுருவானுகள்."

இதைவிட நியாயமான காரணம் வேறு என்ன வேண்டும்?

புறப்படுவதற்கு முதல்நாள் சாச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு கொப்பியும் பென்சிலும் தந்தார். "சப்மரின் செய்யுற ஆளு எப்படிச் செய்யுறார் எண்டு பக்கத்துல நிண்டு பார்த்து, ஒண்டும் விடாம எழுதிட்டு வா புள்ள" என்றார். சாச்சி வீட்டிலேயே செய்து தரப்போகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை கெஷியர் இல்லை, பணிஸ் அடுக்குகிறவர் என்பது சாச்சிக்கு மட்டும் முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று பின்னால் கேட்டிருக்கிறேன். சிரிப்பாரே தவிர இன்றுவரை சொன்னதில்லை.

வாப்பா, உம்மாவோடு நாங்கள் கடைக்குள் போனதும் மாமாவின் முகம் வாடிவிட்டது. தரகர் தந்திருந்த பொடியனின் படத்தையும் காசு மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கே தொந்தி வைத்த முதலாளி உட்கார்ந்திருந்தார். படத்தில் இருந்தவர் கண்ணாடிக்குப் பின்னால், தலையில் வலைத்தொப்பியோடு, கையுறை போட்டுப் பணிஸ் பிளந்துகொண்டிருந்தார். "கெஷியர் எண்டுதானே சொன்னாங்க மச்சான்" என்று மாமா வாப்பாவின் காதுக்குள் சொன்னார். உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்குப் போய்விட்டேன். பணிஸை முழுதாக வெட்டாமல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்க விட்டார். எழுதினேன். சோஸ் இரண்டு கோடு. எழுதினேன். கோழியை அள்ளி வைத்தபோது முதலாளி அங்கிருந்தே சத்தம் போட்டார், "என்னடாப்பா, உன்ட வாப்பாட கடையா இது, இப்புடி அள்ளி வைக்காய்?" கடையில் இருந்த அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பணிஸ் அடுக்கியவரின் முகம் சிவந்தது. அடுக்கிக்கொண்டே இருந்தார். வைத்ததைத் திருப்பி எடுக்கவும் இல்லை. அதையும் எழுதினேன்.

அந்தப் பணிஸில் இருந்த பச்சை மிளகாயை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். "ஒறைக்கும் மகள்" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். கண்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் மிளகாயை எடுத்துத் தருகிற மனிதரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கல்முனை. அந்தா இருக்கிறது என்ட மாமா" என்றேன்.

மாமா மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். மிளகாய் எடுத்தவர் மாமாவைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்து பணிஸைக் கடதாசியில் சுற்றினார். திட்டம் அத்தோடு சரி. நான் ஒன்றரை சப்மரின் தின்றேன். மற்றவர்கள் தின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அன்று கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் ஊருக்குத் திரும்பினோம். வேனில் வாப்பாதான் முதலில் வாய் திறந்தார். "தரகர் பொய் சொன்னது ஒரு பக்கம். பொடியன் நம்மளக் கண்டுபிடிச்சிட்டான். புள்ள ஊரச் சொன்ன பிறகுதான் மிளகாயப் பொறுக்கினான். எல்லாம் நடிப்பு" என்றார். அப்படித்தான் நடந்தது என்று வாப்பா அடித்துச் சொன்னார். மாமா தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். உம்மா தலைகுனிந்து இருந்ததால் பார்க்கவே இல்லை என்றார். மகியங்கனையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். சோறு பழுதாகிப் போயிருந்தது. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவானது.

ஆனால் அடுத்த பெருநாளைக்கு முன்னமே அவர் சாச்சியைக் கலியாணம் முடித்து எங்கள் சாச்சப்பாவாகிவிட்டார். பூட்டிக் கிடந்த அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறார்கள். நான் சாப்பிடப் போனால் என் பீங்கானில் இருக்கிற மிளகாயை இப்போதும் சாச்சப்பா பொறுக்கி எடுப்பார். நான் மிளகாய் தின்னப் பழகி எத்தனையோ வருசம். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேண்டாம் என்று முடிந்த சம்பந்தம் எப்படி நடந்தது? ஊருக்கு வந்த மறுநாள் பின்னேரம் சாச்சி அந்தப் புது வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். யாரும் இல்லாத வீட்டைத் தினமும் கூட்டுவார். நான் சீமெந்துத் தரையில் சப்பாணி கட்டி இருந்து கொப்பியை வாசித்தேன். பணிஸ் பிளந்தது, சோஸ், முதலாளி ஏசியது, மிளகாய் எடுத்தது. சாச்சி விளக்குமாற்றை நிறுத்தினார்.

"மிளகாய எப்ப எடுத்தார்? நீ ஊரச் சொல்ல முந்தியா, சொன்ன பிறகா?"

கொப்பியில் அது இல்லை. யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நினைவிருக்கவில்லை. அவர் மிளகாய் எடுத்ததும் நான் ஊரைச் சொன்னதும் தலைக்குள் குழம்பிக் கிடந்தன. இப்போது மிளகாயை முதலில் வைத்துச் சொன்னேனே, அது பிறகு சொல்லிச் சொல்லிப் பழகியது. வெளியே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அங்கே போக வேண்டும்.

"முந்தி" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு புள்ள."

"ஓம் சாச்சி, முந்திதான்."

சாச்சி அந்தப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்துக் கையில் பொத்திக்கொண்டு, உம்மாவைத் தேடி விறுவிறு என்று நடந்தார். நான் பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன். கோழி எவ்வளவு, மயோனைஸ் எத்தனை கரண்டி என்று கஷ்டப்பட்டு எழுதியதெல்லாம் கொப்பியில் மிஞ்சிய மற்றப் பக்கத்தில் இருந்தது.

"சாச்சி, அளவெல்லாம் இஞ்ச இரிக்கி!"

"எனக்கு இது போதும்" என்றார் சாச்சி, திரும்பிப் பார்க்காமல்.

அளவு தெரியாமல் இவர் எப்படிச் சப்மரின் செய்யப்போகிறார் என்று அன்று முழுக்க எனக்குக் கவலையாக இருந்தது.