செலவில்லாத சாரி

ஸ்டாக்போர்ட் என்னும் ஆங்கிலேய ஊரில் ஒரு சரிவான தெருவில் குடியிருக்கும் க்ளைவ் எண்ட்விசிலுக்குச் சாரி என்பது வாயில் தானாக ஊறும் எச்சில். சூப்பர் மார்க்கெட்டில் முன்னால் நிற்பவரை நகரச் சொல்ல வேண்டுமா, சாரி. தன் காலை எவனாவது மிதித்துவிட்டானா, மிதிபட்ட இவன்தான் சாரி சொல்வான். காதில் விழவில்லையென்றால் அதையே இழுத்துக் கேள்வியாக்குவான். எதிரில் இருப்பவர் முட்டாள் என்று தோன்றிவிட்டால் "சாரி, ஆனா..." என்று ஆரம்பிப்பான். மழையில் பஸ் நிறுத்தக் கம்பத்தில் இடித்துக்கொண்டு, அந்தக் கம்பத்திடமும் சொல்லியிருக்கிறான். பக்கத்து மேசையில் உப்பு கேட்பதற்கும், மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவனின் கையைப் பிடிப்பதற்கும் அவனிடம் இருந்தது ஒரே சாரி, ஒரே குரல். ஊரில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஆனால் மற்றவர்களுக்கு எப்போதாவது அது தொண்டையில் சிக்கும். இவனுக்குச் சிக்கி யாரும் பார்த்ததில்லை.

வேலையும் அதற்குத் தோதாக அமைந்தது. ஒரு தண்ணீர் கம்பெனியில் ஃபோனில் புகார் கேட்கும் வேலை. குழாய் காய்ந்து கிடக்கிறது என்று கத்துகிறவர்களிடம் நாள் முழுக்கச் சாரி. குழாய் அதன்பிறகும் காய்ந்துதான் கிடக்கும். கூப்பிட்டவர் கத்தி ஓய்ந்து ஃபோனை வைத்துவிடுவார். அதைத் தன் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தான் இந்த மகானுபாவன்.

அவனுடைய ஒரே பெருமை கார் இன்ஷூரன்ஸ். ஓட்டத் தொடங்கிய நாள் முதல் அவன் பெயரில் ஒரு விபத்தும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசும் இடத்தில் இவன் அந்தத் தள்ளுபடியைப் பற்றிப் பேசுவான்.

அடுத்த வீட்டில் ஏவ்ரில் பில்லிங். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பூங்காப் புல்தரையில் பந்து உருட்டி ஆடும் குழுவுக்கு அவள்தான் தலைவி. கோடை முழுக்க அவள் உயிர் அங்கேதான் இருக்கும். ஏப்ரலில், குப்பை வண்டி வரும் நாளன்று, சக்கரம் வைத்த தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். க்ளைவ் ரேடியோவைத் திருகிக்கொண்டே காரைப் பின்னால் எடுத்தான். கார் தொட்டியில் மோத, தொட்டி அவள் மேல் சாய, கணுக்கால் முறிந்தது.

இறங்கி ஓடிவந்தான். வாயைத் திறந்தான். அந்த நொடியில் இன்ஷூரன்ஸ்காரர்கள் எப்போதோ அனுப்பிய எச்சரிக்கை நினைவுக்கு வந்தது: விபத்து நடந்த இடத்தில் தவறு என்னுடையது என்று பொருள்படும்படி எதுவும் பேசாதீர்கள். திறந்த வாய் மூடிக்கொண்டது. கொழுக்கட்டையை அடைத்த மாதிரி நின்றான்.

"கால் போச்சுப்பா க்ளைவ்," என்றாள் ஏவ்ரில், தரையில் கிடந்தபடி. "ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"தொட்டி ரொம்ப வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு," என்றான் க்ளைவ்.

வலியில் இருந்தவள் அழவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆம்புலன்ஸ் வரும்வரை.

க்ளைவின் மனைவி லொரெய்ன்தான் பக்கத்து வீட்டுக்கு ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக் கொண்டுபோனாள். திரும்பி வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தம்மா கேஸ் போடலையாம். காசும் வேணாமாம். நீ போய் ஒரு வார்த்தை சொன்னா போதுமாம்."

"அங்கதான் மாட்டிப்பேன். சொன்னேன்னு வை, நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"நீதானே இடிச்ச?"

"அது வேற விஷயம்."

"பஸ் ஸ்டாப் கம்பத்துக்கெல்லாம் சொல்ற. அந்தம்மாவுக்குச் சொல்ல நாக்கு எழும்பலையா?"

"கம்பம் கேஸ் போடாது லொரெய்ன்."

இதைச் சாமர்த்தியம் என்று நினைத்துத்தான் சொன்னான். லொரெய்ன் அன்றிலிருந்து மாடி அறையில் தனியாகப் படுத்தாள்.

மே போனது, ஜூன் போனது. ஏவ்ரில் காலை ஸ்டூலில் நீட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். குழு அவள் இல்லாமல் ஆடித் தோற்றது. தலைவி இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். க்ளைவ் பின்வாசல் வழியாகக் குப்பைச் சந்தில் புகுந்து வேலைக்குப் போய்வந்தான். மானமுள்ளவன் செய்கிற காரியமா இது? ஆனால் தபால்காரரிடம் பத்துத் தடவை சாரி சொல்வது மட்டும் நிற்கவில்லை.

காத்திருந்து காத்திருந்து, ஜூலையில் ஏவ்ரில் வக்கீலைப் பார்த்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தது. தள்ளுபடி போயிற்று. ஒரே ஒரு சொல்லில் காப்பாற்றியிருக்கலாம். அந்தச் சொல்லைக் காப்பாற்றப் போய் அத்தனையும் தொலைத்தான்.

எல்லாம் முடிந்ததும் ஐயாவுக்குத் தைரியம் வந்தது. இனி இழக்க ஒன்றுமில்லை. பெட்ரோல் பங்கில் ஒரு பூங்கொத்து வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, முன்வாசல் வழியாகவே போய்க் கதவைத் தட்டினான். ஏவ்ரில் கைத்தடியோடு வந்து திறந்தாள்.

"சாரி ஏவ்ரில். உங்க காலுக்கு. நடந்ததுக்கெல்லாம்."

"இப்பதான் தோணிச்சா?"

"அப்பவே தோணிச்சு. கேஸ் முடியட்டும்னு இருந்தேன். இப்ப சொன்னா ஒண்ணும் ஆகாது பாருங்க."

ஏவ்ரில் பூவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அந்த ஊரில் சாரி என்றால் அடுத்த மூச்சில் "பரவாயில்ல கண்ணு" என்று பதில் வரும். கொலைகாரனுக்குக்கூட வந்துவிடும். க்ளைவ் பூங்கொத்தை நீட்டியபடி, பாதிச் சிரிப்போடு அதற்காகக் காத்து நின்றான். அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். உள்ளே கைத்தடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அப்புறமும் அவன் படியிலேயே நின்றுகொண்டிருந்தான், அந்தப் பதில் கதவுக்குப் பின்னாலிருந்தாவது வரும் என்று.