நூற்றெட்டு முருகா

எங்கள் கம்பெனி யார்டில் ஆபீஸ் கதவுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி சாத்தியிருக்கும். ஒன்பது அடி நீளம். ஒரு முனை கூர், மறு முனையைக் கைப்பிடிக்காக வளைத்திருப்போம். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். கரிக் குவியலுக்கு உள்ளே தானாகவே சூடு ஏறும். வெளியே பார்த்தால் தெரியாது. புகை வந்த பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை. அதனால் தினம் காலையில் கம்பியைக் குவியலில் சொருகிவிட்டு, நிதானமாக நூற்றெட்டு தடவை 'முருகா' சொல்லுவேன். அதுதான் எனக்குக் கடிகாரம். பிறகு உருவி, நடுவில் புறங்கையை வைப்பேன். மூன்று முருகா சொல்லும் வரை கை தாங்கினால் பயமில்லை. தாங்காவிட்டால் அந்த இடத்தைத் தோண்டிப் பரப்பி ஆறவிட வேண்டும். இந்தக் கம்பியைத் தொடும்போதெல்லாம் எனக்கு என் சகலை ஞாபகம் வருகிறான். வந்தால் வயிறு எரிகிறது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தினம் சாமி பேரைச் சொல்கிற வாயை வைத்துக்கொண்டு பொய்யும் எழுத முடியாது.

எங்களுடையது வெளிநாட்டு டிரேடிங் கம்பெனி. கப்பலில் நிலக்கரி வரும். எண்ணூரிலிருந்து லாரியில் ஏற்றிக் கும்மிடிப்பூண்டி யார்டில் கொட்டி, சுற்றியிருக்கிற ஆலைகளுக்கு விற்பார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். கடம்பத்தூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். பல வருஷம் கரியில் புரண்டு யார்டு சூப்பர்வைசர் ஆனேன். சகலை, என் மனைவியின் தங்கை புருஷன், பழவேற்காட்டு மீனவக் குடும்பம். மைத்துனி விரும்பிக் கட்டிக்கொண்டது. காக்களூரில் அவன் வேலை பார்த்த பட்டறையை மூடியதும் என் மனைவி தினம் சோறு போடும்போது ஆரம்பித்துவிடுவாள். "தங்கச்சி ஊட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உங்க யார்டு இன்னா ரொம்பிப்பூட்டுதா?" நான்தான் மேனேஜரிடம் சொல்லி, தார்ப்பாய் போர்த்துகிற வேலைக்கு அவனைச் சேர்த்தேன். என் கையால் விதைத்தது என்பதால்தான் அவன் வளர்ந்தது எனக்கு அவ்வளவு உறுத்தியதோ என்னவோ.

ஒருநாள் மேனேஜர் எங்களையெல்லாம் நிற்கவைத்துப் பேசினார். "கரியோட காலம் போயிட்டிருக்கு. ஆசியா பூரா நம்ம யார்டுங்கள்ல கரியைக் கொறைச்சிக்கிட்டே வரணும்னு தலைமை ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. இங்க பாதி யார்டு இனிமே சவுக்குக்கு." சவுக்கு மரத்தைச் சில்லுச் சில்லாக வெட்டி பாய்லரில் எரிப்பது, வெட்டினாலும் நட்டால் திரும்ப வளரும், பூமிக்குக் கெடுதல் குறைவு என்று விளக்கினார். பக்கத்து ஆலை ஒன்று இருபது நாள் எரித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. நடுவில் ஒருநாள் சரக்கு நின்றாலும் அவர்கள் கரிக்கே திரும்பிவிடுவார்கள். இங்கே சவுக்கு வேலையும் நின்றுபோகும், அதற்குப் போட்ட ஆளும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். "யார் பாத்துக்கறீங்க?" என்று என்னைத்தான் முதலில் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, "அடுப்பு வெறகுக்கெல்லாம் சூப்பர்வைசரா சார்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சகலை கையைத் தூக்கினான்.

அன்று சிரிக்கவைத்ததற்கு நான் கொடுத்த விலை கொஞ்சமில்லை. அவனுக்கு வெள்ளை ஹெல்மெட் வந்தது. என்னுடையது மஞ்சளாகவே இருந்தது. மேனேஜர் அவனோடு சமமாக நின்று டீ குடித்தபடி பேசுவார். சொந்த வீடு அமைய வேண்டுமென்று ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகனுக்கு விளக்கு போட்டவன் நான்; அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத அவன் திருநின்றவூரில் மனைக்கு முன்பணம் கொடுத்தான். இந்தப் பதவியை நம்பித்தான் கொடுத்தான். அதைச் சொல்ல மைத்துனி இனிப்போடு வந்தபோது, "எனக்குச் சர்க்கரை" என்று தட்டைத் தள்ளினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை சன்னிதியில் நின்று, "முருகா, அவனுக்குக் கெடுதல் வேண்டாம். ஆனா இவ்ளோ நல்லதும் வேண்டாம்" என்று வேண்டினேன். இப்படியும் ஒரு வேண்டுதலா என்று அவர் நினைத்திருப்பார்.

புரட்டாசி மழையில் சவுக்கு நனைந்தே வந்து இறங்கியது. தார்ப்பாயால் மூடி மூடி மலை மாதிரி குவித்திருந்தான். ஆலையில் எரிக்க ஆரம்பித்துச் சில நாள் ஆகியிருக்கும். காலையில் என்னிடம் வந்து நின்றான். "ண்ணா, குவியல்ல ஒரு மாதிரி புளிச்ச வாசனை அடிக்குது. கம்பியக் கொஞ்சம் குடு, குத்திப் பாக்கறேன்."

நான் அப்போதுதான் முருகா சொல்லி முடித்துக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "மரத்துக்கு எதுக்குடா கம்பி? கரிக்குத்தான் சூடு ஏறும். மரம் குளிர்ச்சி. நீ போயி வெள்ளத் தொப்பிய சரியா மாட்டு" என்றேன்.

"அப்டியா? நீ சொன்னா சரிண்ணா" என்று போய்விட்டான்.

அது பொய். நெல்லுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது பொய் என்று தெரியாமல் இருக்காது. ஈர வைக்கோலைப் போராகப் போட்டால் உள்ளே வெந்து, கையை விட்டால் சுடும். என் அப்பா ஒரு மழைக்காலத்தில் பாதிப் போரைப் பிரித்துப் போட்டு ஆற்றியதை நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். மீன்பிடிக்கிற வீட்டில் வைக்கோல் போர் ஏது? அவன் என்னை நம்பினான்.

பத்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சவுக்குக் குவியலின் உச்சியில் வெள்ளையாகப் புகை கிளம்பியது. யாரும் சொல்வதற்கு முன் சகலை மண்வெட்டியோடு ஏறிவிட்டான். நாலு எட்டு வைத்திருப்பான், வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. அவன் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. இழுத்துக் கீழே இறக்கினோம். கணுக்காலைச் சுற்றித் தோல் வெந்திருந்தது. மேனேஜர் ஓடிவந்தார். "குவியலைச் செக் பண்ணவே இல்லியா? யார் பொறுப்பு இதுக்கு?" சகலை வலியோடு ஒரு தரம் என்னைப் பார்த்தான். நான் புகையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். "எனக்குத் தெரியாமப் போச்சு சார்" என்றான் அவன்.

மேனேஜர் ஹோஸைக் கொண்டுவந்து மொத்தத்தையும் நனைக்கச் சொன்னார். தண்ணீரில் ஊறின சில்லு பாய்லரில் எரியாது; நனைத்தால் அத்தனையும் வீண். மறுநாள் ஆலைக்குப் போகச் சரக்கு இருக்காது, சகலையின் வேலையும் அதோடு போச்சு. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் வேண்டியது நடந்திருக்கும். எப்படி வந்ததென்று தெரியவில்லை, "தண்ணி ஊத்தாதீங்க!" என்று கத்திவிட்டேன். கம்பியை எடுத்தேன். பலகை போட்டு ஏறி, இடம் இடமாகச் சொருகி, ஒவ்வொரு இடத்திலும் நூற்றெட்டு முருகா சொல்லி, உருவித் தொட்டுப் பார்த்தேன். சுட்ட இடத்தை லோடர் வண்டியால் வெட்டி எடுத்து, தூரத்தில் பரப்பி, அதற்கு மட்டும் தண்ணீர் காட்டச் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் முக்கால்வாசி சரக்கு பிழைத்தது. மருந்துக்கட்டோடு திரும்பி வந்த சகலை நாற்காலியில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி நேரம் உள்ள வெக்கணும்ணா?"

"நூத்தியெட்டு முருகா. அவசரப்படாம சொல்லணும்."

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னான்: "மழைல நனைஞ்ச வைக்கோப் போரு சுடும்னு அண்ணி ஒரு வாட்டி சொல்லிக்கீது. இப்பதான் நெனப்பு வந்துது. உனக்கும் அன்னிக்கு நெனப்பு வந்திருக்காது, இல்லண்ணா?"

"ஆமாண்டா, மறந்துட்டேன்" என்றேன். அது இரண்டாவது பொய்.

இருபது நாளும் சரக்கு நிற்கவில்லை. ஆலை சவுக்குக்கே மாறியது. பின்னாலேயே இன்னும் சில ஆலைகள். கரி யார்டின் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டது. பரிசோதனை நடந்த விதத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தபோது, அந்தப் புகைக்குப் பிறகு புதிதாக வாங்கின மெஷினை வைத்துச் சூடு பார்ப்பதோடு இந்தக் கம்பியையும் சகலை சொருகிக் காட்டினான். அது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. வியட்நாமில் தொடங்குகிற யார்டுக்கு, பழக்கிக் கொடுக்க அவனையே இரண்டு வருஷத்துக்கு அனுப்பினார்கள். கம்பி என்னுடையது, முருகன் என்னுடையவர், ஏரோப்ளேன் அவனுக்கு. மீனம்பாக்கத்தில் வழியனுப்பும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அப்போது கூட அவன் பெட்டி புதுசு என்றுதான் என் கண் பார்த்தது.

போன மாசம் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். தூறல் விழுகிற ஒரு யார்டு. நாலு பேர் குவியலில் கம்பியைச் சொருகி நிற்கிறார்கள். "மு-லு-கா, மு-லு-கா" என்று அவர்கள் நாக்குக்கு வந்தபடி சொல்கிறார்கள். ஒருவன் விரல்விட்டு எண்ணுகிறான். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க முருகரே பிளேன் ஏறிட்டாரு. நீங்கதான் கும்மிடிப்பூண்டி தாண்டல." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "ண்ணா, இது எங்க அண்ணன் கம்பி, எங்க அண்ணன் கண்டுபுடிச்சதுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன்."

"அவங்களுக்குத் தமிழ் புரியுமாடா?"

"புரியாதுண்ணா. ஆனா சொல்லிட்டேன்."

வெள்ளை ஹெல்மெட்டைப் பார்த்து வந்த எரிச்சல் வயசோடு தணிந்துவிடும். மனைக்கும் ஏரோப்ளேனுக்கும் பட்ட பொறாமையும் ஒருநாள் போகும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் வெந்த காலோடு உட்கார்ந்துகொண்டு எனக்கே ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்க அவனுக்கு முடிந்ததே, அந்த மனசின் மேல் வந்த பொறாமை போகவே மாட்டேன் என்கிறது. விளக்கு போட்டவன் நான். அந்த மனசை முருகன் அவனுக்குக் கொடுத்திருக்கிறார். இதை அவன் ஒருநாள் படிப்பான். அதனால் எழுதுகிறேன்: நான் மறக்கவில்லை, சகலை. தெரிந்தேதான் சொன்னேன்.

இப்போது சவுக்குக் குவியலும் என் பொறுப்புதான். எனக்கும் வெள்ளை ஹெல்மெட் கொடுத்திருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இன்று காலை கதவுக்குப் பின்னாலிருந்து கம்பியை எடுத்துச் சொருகிவிட்டு எண்ண ஆரம்பித்தேன். எண்பதைத் தாண்டும்போது அந்த வியட்நாம்காரர்கள் குரல் நடுவில் புகுந்து கணக்குத் தவறிவிட்டது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.